பெயர் இல்லாத இன்டர்கூலரை இனம் காண்பது எப்படி: பாலக்கோடு இன்னோவா கேள்விக்கு விடை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டைச் சேர்ந்த ஒருவர் 2011 மாடல் டீசல் இன்னோவா ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறார். பம்பருக்குப் பின்னால் வெள்ளி நிறத்தில் ஓர் இன்டர்கூலர், அதாவது டர்போ அமுக்கி அனுப்பும் சூடான காற்றை எஞ்சினுக்குப் போகும் முன் குளிர்விக்கும் பொருள், இருக்கிறது. யார் செய்தது, எங்கே வாங்கியது என்று விற்றவருக்கே தெரியவில்லை. ஸ்டிக்கர் கிடையாது. ஒரு பக்க டேங்கில் (காற்று நுழைந்து வெளியேறும் ஓரப் பெட்டி) 'ஏ356-டி6' என்று புடைத்த எழுத்து மட்டும் இருக்கிறது. அதைத் தேடிப் பார்த்தும் எந்தக் கம்பெனியும் அகப்படவில்லை. டேப் பிடித்ததில் நீளம் 73 செ.மீ., உயரம் 23 செ.மீ., கனம் 6.5 செ.மீ. பைப் மாட்டும் வாய் 63 மி.மீ. கீழ் வரிசையில் ஃபின் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய மடிப்புத் தகடு) நசுங்கியிருக்கிறது, ஒரு ஹோஸ் இணைப்பில் எண்ணெய் கசிகிறது. இது யாருடைய சரக்கு, என் வண்டிக்குச் சரியான அளவா, வைத்துக்கொள்ளலாமா, கழற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

முதலில் அந்த எழுத்து. ஏ356 என்பது அலுமினிய வார்ப்பு உலோகத்தின் பெயர். சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்தது. டி6 என்பது வார்த்த பிறகு சூடேற்றி, குளிர்வித்து, மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்தியதைக் குறிக்கும். எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் 304 என்று இருப்பதைப் போலத்தான் இதுவும். அதை வைத்துக் கம்பெனியைத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது. ஆனாலும் அந்த எழுத்து ஒன்றைச் சொல்கிறது: உங்கள் எண்ட் டேங்க் தகடு மடித்துச் செய்ததல்ல, வார்ப்பில் எடுத்தது. அது நல்ல செய்தி. வார்ப்பு டேங்கில் உள்பக்க வளைவு வழவழப்பாக இருக்கும், காற்று முட்டி மோதாமல் திரும்பும்.

அடுத்து, உங்கள் வண்டியைப் பற்றியே ஒன்று. இந்தியாவில் 2005 முதல் 2016 வரை வந்த 2.5 லிட்டர் டீசல் இன்னோவா, 102 பிஎஸ் எஞ்சின், டர்போ உண்டு, ஆனால் கம்பெனியிலிருந்து இன்டர்கூலர் கிடையாது. ஆகவே ஷோரூமில் கேட்டாலும், பார்ட்ஸ் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒப்பிட்டுப் பார்க்க அசல் பார்ட் என்று ஒன்று வராது. உங்கள் வண்டியில் இருப்பது வெளியே வாங்கிப் பூட்டியதுதான், அதில் சந்தேகம் இல்லை. வெளியே வாங்கியது என்றால் மூன்று வழிகளில் ஒன்றாகத்தான் வந்திருக்கும். வேறு ஏதோ வண்டியின் அசல் இன்டர்கூலரைப் பழைய பார்ட்ஸ் கடையில் எடுத்து மாட்டியது. சென்னை புதுப்பேட்டை, பெங்களூரு ஜே.சி. சாலைப் பக்கம் போய் இப்படி எடுத்து வருவது வழக்கம். இல்லாவிட்டால் பெயர் பெற்ற தயாரிப்பாளரின் பொருள். அதுவும் இல்லாவிட்டால் எந்த வண்டிக்கும் என்று அளவு வாரியாக விற்கும் பொதுச் சரக்கு. இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

பம்பரைக் கழற்றி இன்டர்கூலரைக் கையில் எடுத்துவிடுங்கள். வண்டியில் வைத்தபடியே குனிந்து பார்ப்பதில் பயன் இல்லை. முத்திரைகள் பெரும்பாலும் பின்பக்கத்திலோ அடிப்பக்கத்திலோதான் இருக்கும். கழுவும்போது ஒரு எச்சரிக்கை: பழைய பித்தளை ரேடியேட்டர் பார்த்த கைகள் சிலர் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துத் தின்னும். ஷாம்பூ தண்ணீர், மெல்லிய பிரஷ், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீர், இவ்வளவே போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேரே அடித்தால் ஃபின் அத்தனையும் படுத்துவிடும். இரண்டு வாயையும் முதலில் துணி வைத்து அடைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட்டுக்கு அடியில் பொறித்த எண் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய வெள்ளைத் தாளை டேங்க்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேயுங்கள். சின்ன வயதில் நாணயத்தின்மேல் தாள் வைத்துத் தேய்த்த அதே வேலை. பஞ்ச் அடித்த எண் வெள்ளையாகத் தாளில் எழும்பி வரும். வாய்க்கு அருகே, டேங்கின் மேல்முகம், அடிமுகம், கோரின் (ஃபின் இருக்கும் நடுப்பகுதி) மேலும் கீழும் ஓடும் பக்கத் தகடு, இந்த நான்கு இடத்தையும் விடாமல் தேய்த்துப் பாருங்கள்.

கிடைக்கும் எழுத்தெல்லாம் பார்ட் நம்பர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஏ356 மாதிரியே ஏமாற்றும் குறிகள் வேறு சில உண்டு. பிளாஸ்டிக் டேங்க் வைத்த இன்டர்கூலரில் 'பிஏ66-ஜிஎஃப்30' என்று இருக்கும். அது 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் என்று அர்த்தம். வட்டத்துக்குள் 1 முதல் 12 வரை எண்ணும், நடுவில் ஒரு அம்பும், அம்பின் இரு பக்கமும் இரண்டு இலக்கங்களும் இருந்தால் அது அச்சின் தேதிக் கடிகாரம். அம்பு காட்டுவது மாதம், நடுவில் இருப்பது வருடம். இதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று தேடும்போது வருடம் தெரிந்தால் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

உண்மையான பார்ட் நம்பர் கிடைத்தால் அதன் அமைப்பே எந்தக் கம்பெனி என்று காட்டிக்கொடுக்கும். டொயோட்டா என்றால் 17940 என்று தொடங்கும். நிசான் 14461. சுபாரு 21821. பிஎம்டபிள்யூ 1751 என்று தொடங்கும். ஃபோர்டில் நம்பரின் நடுவே 9எல்440 என்று வரும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றுக்கும் எழுத்தும் இலக்கமும் மூன்று மூன்றாகப் பிரித்த எண்; நடு மூன்று 145 என்றால் அது டர்போ, இன்டர்கூலர் சார்ந்த பிரிவு. ஹூண்டாய், கியாவில் 282 என்று தொடங்குவது டர்போ பிரிவு. ரேடியேட்டர் தயாரிப்பாளர்களின் முத்திரையும் கூடவே இருக்கலாம்: வேலியோ, பெஹ்ர், மாலே, மோடைன், டென்சோ, நம் நாட்டு பான்கோ. இவர்கள் கார் கம்பெனிகளுக்குச் செய்து கொடுப்பவர்கள். முத்திரை இவர்களுடையதாக இருந்தால் பொருள் ஏதோ ஒரு வண்டிக்கென்றே அளந்து செய்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

எண்ணே இல்லாவிட்டால் பொருத்தும் இடத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால் லோகோவைவிட இதுதான் நம்பகமான சாட்சி. ஒரு குறிப்பிட்ட வண்டிக்குச் செய்த இன்டர்கூலரில் ரப்பர் புஷ்ஷில் இறங்கும் முளைகள் இருக்கும், ஏதோ ஒரு சேஸிஸுக்கு மட்டுமே பொருந்தும் கோணல் காதுகள் இருக்கும், வாய்கள் நேராக இல்லாமல் ஏதோ ஒரு பக்கம் திரும்பியிருக்கும். எதற்காக இப்படி வளைத்தான் என்று யோசிக்க வைக்கும் வளைவு இருந்தால், அது யாரோ ஒரு வண்டிக்கு அளந்து செய்தது. பொதுச் சரக்கில் இதெல்லாம் இருக்காது. இரண்டு வாயும் இரு பக்கமும் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். மேலும் கீழும் எம்6 அல்லது எம்8 நட்டு வைத்து வெல்டு செய்த சின்னக் கட்டைகள் இரண்டிரண்டு இருக்கும். கூடவே நீள் துளை போட்ட எல் பட்டைகள். எந்த வண்டிக்கும் எப்படியாவது மாட்ட வேண்டும் என்பதற்காகச் செய்தது.

இப்போது உங்கள் அளவுக்கு வருவோம். 73 செ.மீ. என்பது ஒரு டேங்கின் நுனியிலிருந்து மறு டேங்கின் நுனி வரை. இன்டர்கூலரைக் கோர் அளவை வைத்துத்தான் பேச வேண்டும். கோர் என்றால் ஃபின் இருக்கும் பகுதி மட்டும். டேங்க் வெல்டு முடிகிற இடத்திலிருந்து எதிர் வெல்டு வரை அளந்தால் உங்களுக்கு 550 மி.மீ. பக்கம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். 550, 230, 65 என்று மூன்றும் வந்துவிட்டால் அது பொதுச் சரக்கில் மிகப் பரவலாகப் புழங்கும் அளவுகளில் ஒன்று. அதே குடும்பத்தில் 600, 300, 76 என்று ஒன்றும், 450, 300, 76 என்று ஒன்றும் உண்டு. நேர் வாய், 63 மி.மீ., இந்தக் கோர் அளவு, பெயரில்லாத வார்ப்பு டேங்க் எல்லாம் சேர்ந்தால் இதற்கு மேல் பெயர் தேடி அலைவது வீண். பல கடைகள் பல பெயரில் விற்கும் ஒரே மாதிரிச் சரக்கு அது. யார் செய்தது என்று தெரிந்தாலும் அதற்கான தகவல் தாள் கிடைக்காது. நாமே அளந்து தெரிந்துகொள்வதுதான் ஒரே வழி, அது கஷ்டமும் இல்லை.

வாயை டேப்பில் அளக்காதீர்கள். வெர்னியர் வைத்து வெளிவிட்டம் பாருங்கள். 51, 57, 63.5, 70, 76 மி.மீ. என்று வந்தால் 2 அங்குலம் தொடங்கிக் காலங்குலம் காலங்குலமாக ஏறும் கணக்கு. பொதுச் சரக்கும் சிலிக்கான் ஹோஸ்களும் பெரும்பாலும் இந்த அளவுகளில்தான் வரும். இதற்குள் அடங்காத விட்டமோ, உள்ளே ஓ-ரிங் வைத்துக் கிளிப் போட்டுப் பூட்டும் அமைப்போ இருந்தால் பெரும்பாலும் கார் கம்பெனியின் அசல் பொருள்.

ஸ்டிக்கர், ஸ்டென்சில் லோகோ பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் இதைப் படிக்கும்போது அவருடைய இன்டர்கூலரில் பெரிய எழுத்தில் பெயர் இருக்கலாம். கோரின் முகத்தில் ஸ்பிரே அடித்த பெயர் எதையும் நிரூபிக்காது. தகர அச்சு வைத்து யாரும் அடிக்கலாம். எச்கேஎஸ், கிரெட்டி, மிஷிமோட்டோ, ஃபோர்ஜ், வாக்னர் போன்றவர்கள் தங்கள் கோர் அளவையும் வாய் அளவையும் வெளியிடுகிறார்கள். பெயர் சொல்லும் மாடலின் அளவோடு உங்கள் கோர் மில்லிமீட்டர் கணக்கில் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பெயர் பொய்.

கைப்பட அறிய வேண்டிய முக்கியமான பகுதி கோரின் கட்டுமானம். இரண்டு வகை. ஒன்று பார் அண்ட் பிளேட்: தகடு, ஃபின், தகடு என்று அடுக்கி, ஓரத்தில் சதுரக் கம்பிகள் வைத்து மொத்தமாக உலையில் பற்றவைத்தது. முன்னாலிருந்து பார்த்தால் காற்று போகும் ஒவ்வொரு வரிசையின் முகமும் தட்டையாக, விளிம்பு கூராக இருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் செங்கல் அடுக்கில் ஓட்டுவது போலத் தட்டும். மற்றது டியூப் அண்ட் ஃபின்: தட்டைக் குழாய்களின் முகம் உருண்டு வழவழப்பாக இருக்கும், நகம் வழுக்கிப் போகும். முதல் வகை கனமானது, கல் அடி தாங்கும், திடீரென்று ஏறும் சூட்டைக் கொஞ்ச நேரம் தன் உலோகத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டாவது இலேசானது, வெளிக்காற்று அதன் ஊடே எளிதாகப் போகும், பின்னால் இருக்கும் ரேடியேட்டரை அதிகம் பட்டினி போடாது. எது மேல் என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீண்ட மேட்டில் சுமையோடு ஏறும் டீசல் வண்டிக்கு, பின்னால் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் இருக்கும் நிலையில், 76 மி.மீ. கனமான பார் அண்ட் பிளேட் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் 65 மி.மீ. பரவாயில்லை.

இனி டார்ச் எடுத்து வாய்க்குள் பாருங்கள். ஒவ்வொரு வரிசைக்குள்ளும் சிறு அலை மடிப்பாக உள் ஃபின் தெரிய வேண்டும். ஒன்றுமே இல்லாமல் வெறும் குழாய் தெரிந்தால் அது காற்றை எளிதாக விடும், ஆனால் சூட்டை வாங்காது. மடிப்பு மிக நெருக்கமாக இருந்தால் நன்றாகக் குளிரும், ஆனால் அழுத்தத்தைத் தின்னும். வெல்டு உருகி உள்ளே சொட்டி நிற்கிறதா, வரிசையின் வாய் அடைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். பொதுச் சரக்கில் அதிகம் தென்படும் குறை இதுதான்.

உள்வழிப் பரப்பைக் கணக்குப் போடலாம். வரிசைகளை எண்ணுங்கள், ஒரு வரிசையின் உள்ளுயரத்தையும் உள்ளகலத்தையும் அளந்து பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக 12 வரிசை, உள்ளுயரம் 6 மி.மீ., உள்ளகலம் 57 மி.மீ. என்றால் 12 × 6 × 57 = 4,104 சதுர மி.மீ. உள் ஃபின் பிடிக்கும் இடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் சுமார் 3,300. உங்கள் பைப்பின் உள்விட்டம் 60 மி.மீ. என்று வைத்தால் பரப்பு சுமார் 2,830. கோரின் வழி பைப்பைவிடக் கூடுதலாக இருக்கிறது, ஆகவே அது தொண்டையை நெரிக்காது. மாறாகக் கோரின் கணக்கு பைப்பைவிடக் குறைவாக வந்தால் அந்த இன்டர்கூலரை அப்படியே ஓரமாக வைத்துவிடலாம்.

பைப்புகளிலும் ஒரு துப்பு கிடைக்கும். டர்போவிலிருந்து வரும் பைப்பில் 25 மி.மீ. அளவில் ஒரு கிளைக் குழாயோ, இரண்டு போல்ட் போடும் பட்டையோ வெல்டு செய்து மூடி வைத்திருந்தால், அது புளோ ஆஃப் வால்வுக்கான (மிதியை விட்டதும் பைப்பில் தேங்கும் அழுத்தத்தை வெளியேவிடும் வால்வு) இடம். திராட்டில் மூடும் பெட்ரோல் டர்போ வண்டிக்குத்தான் அது வேண்டும். அப்படியானால் உங்கள் வண்டிக்கு வந்தது ஏதோ பெட்ரோல் கிட். பயன்படுத்த அது தடையல்ல, ஆனால் அந்த மூடி வழியாகக் கசிவு வரும், அங்கே முதலில் சோப்பு நுரை வையுங்கள்.

உங்கள் இன்னோவாவுக்கு அளவு சரியா என்பது அடுத்த கேள்வி. இன்டர்கூலர் ஏன் வேண்டும் என்பதிலிருந்து பார்க்கலாம். தர்மபுரியில் சித்திரை வெயிலில் எஞ்சினுக்குள் போகும் காற்று 40 டிகிரி என்று வையுங்கள். டர்போ அதை 0.8 பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறும் அழுத்தம்) அமுக்கினால், சாதாரணத் திறனில், வெளிவரும் காற்று 120 டிகிரியைத் தாண்டும். அதைப் பாதிக்கு மேல் குளிர்வித்து 75 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி 13, 14 சதவீதம் கூடும். டீசல் அளவு மாறாமல் காற்று மட்டும் கூடுவதால் புகை குறையும், எக்ஸாஸ்ட் சூடு இறங்கும், மேட்டில் எஞ்சின் அனல் அடிக்காது. 'போட்டதும் 30 குதிரை கூடிச்சு' என்ற பேச்சை நம்ப வேண்டாம். இன்டர்கூலர் டீசல் ஊற்றாது. டீசலைக் கூட்டாமல் சக்தி அவ்வளவு கூடாது.

102 பிஎஸ் எஞ்சினுக்கு 550 × 230 × 65 கோர் தாராளம். இதைவிடப் பெரிதாகப் போக வேண்டியதில்லை. 600 × 300 × 76 வைத்தால் கோரின் வெளிக் கொள்ளளவு 8.2 லிட்டரிலிருந்து 13.7 லிட்டராகிறது. காலை வைத்ததும் டர்போ அந்த இடத்தை எல்லாம் நிரப்பிவிட்டுத்தான் எஞ்சினுக்கு அழுத்தம் தர வேண்டும், அதனால் பிக்கப் மந்தமாகும். கண்டென்சர் மறைவதால் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நிற்கும்போது ஏசி குளிராது. பைப் 63 மி.மீ. என்பதும் இந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் பெரிதுதான்; 51 அல்லது 57 போதுமானது. ஆனால் ஏற்கெனவே பூட்டி ஓடிக்கொண்டிருப்பதை இதற்காக மாற்ற வேண்டியதில்லை.

இனிச் சோதனை. கையில் எடுத்த இன்டர்கூலரை இதைச் செய்யாமல் திரும்ப மாட்டாதீர்கள். ஒரு வாயில் அடைப்பு ரப்பர் மூடியும், மறு வாயில் டியூப்லெஸ் டயர் வால்வு துளைத்துப் பொருத்திய மூடியும் வைத்து, கிளாம்ப் இறுக்குங்கள். இரண்டு மூடியையும் சேர்த்து ஒரு ராட்செட் பெல்ட்டால் குறுக்கே கட்டுங்கள். இது முக்கியம். 63 மி.மீ. மூடியின் முகத்தில் 20 பிஎஸ்ஐ அழுத்தம் என்றால் சுமார் 45 கிலோ எடையளவு தள்ளும். மூடி தெறித்தால் கண்ணோ பல்லோ போய்விடும். பஞ்சர் கடை கம்ப்ரெசரில் நூறு பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். நேரே திறந்துவிடாமல், ரெகுலேட்டர் வைத்தோ சைக்கிள் பம்பு வைத்தோ மெல்ல 20 பிஎஸ்ஐ வரை ஏற்றி நிறுத்துங்கள். தண்ணீர்த் தொட்டியில் முழுக்க அமிழ்த்துங்கள். 5 நிமிடத்தில் முள் அசையக் கூடாது, குமிழி வரக் கூடாது. அமிழ்த்தியதும் ஃபின்னுக்கு இடையே சிக்கிய காற்று கொஞ்சம் வெளியேறும், அதைக் கசிவு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே இடத்திலிருந்து சங்கிலி போல விடாமல் வந்தால்தான் கசிவு.

குமிழி டேங்க் வெல்டில் வந்தால் ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் சரிசெய்துகொள்ளலாம். ஓசூர் சிப்காட் பக்கம் அலுமினியம் வெல்டு செய்யும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. வெல்டுக்கு முன் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு அறவே இருக்கக் கூடாது, இருந்தால் வெல்டு பொரிந்து துளை விழும். குமிழி கோரின் நடுவே வந்தால் விட்டுவிடுங்கள். அங்கே வெல்டு வைத்தால் பக்கத்து வரிசையின் பற்று உருகி இன்னொரு கசிவு பிறக்கும். எபாக்ஸி பசை அப்புவதும் நிற்காது, சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது உரிந்துவிடும்.

எண்ணெய்க் கசிவைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. எஞ்சினின் மூச்சுக்குழாய் ஆவி டர்போ வழியாகத்தான் போகிறது. இன்டர்கூலரைக் கவிழ்த்தால் இரண்டு மூன்று தேக்கரண்டி வரலாம். அரை டம்ளர் வந்தால் டர்போ சீலையும் மூச்சுக்குழாயையும் பார்த்தாக வேண்டும். டீசல் எஞ்சினில் இது விளையாட்டல்ல. தேங்கிய எண்ணெய் ஒரு வேகத்தில் மொத்தமாக உறிஞ்சப்பட்டால் எஞ்சின் அதையே எரிபொருளாக எரித்துத் தறிகெட்டு ஓடும், சாவியை அணைத்தாலும் நிற்காது. இதே காரணத்தால், உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி அலசினால் முழுக்க வடித்து, ஒரு நாள் வெயிலில் வைத்து, காற்றடித்து உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். வடித்த திரவத்தை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். உலோகத் துகள் மினுங்கினால் முன்பு ஒரு டர்போ இந்த வண்டியில் உடைந்திருக்கிறது. உள் ஃபின்னுக்குள் சிக்கிய துகளை எவ்வளவு அலசினாலும் முழுதாக எடுக்க முடியாது, அது ஒன்றொன்றாகப் புறப்பட்டு எஞ்சினுக்குள் போகும். அப்படியானால் இன்டர்கூலரைக் கழித்துவிடுங்கள், மறுபேச்சு வேண்டாம்.

ஹோஸ் இணைப்பில் கசிவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது பைப்பின் விளிம்பை. நுனியில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்க வேண்டும். வெட்டிய வெறும் பைப்பில் ஹோஸ் ஏற்றிக் கிளாம்ப் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கி வழுக்கி ஒருநாள் கழன்றுவிடும். புடைப்பு இல்லாவிட்டால் லேத்தில் போட்டோ, ஆர்கானில் மூன்று நான்கு இடத்தில் பொட்டு வைத்தோ எழுப்புங்கள். ஹோஸ் உப்பலாக, பிசுபிசுப்பாக இருந்தால் சாதாரண சிலிக்கான் எண்ணெய் குடித்திருக்கிறது. உள்ளே ஃப்ளூரோ பூச்சு உள்ளதாக, நான்கு அடுக்குத் துணி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். கிளாம்ப் டி-போல்ட் வகையாக இருக்கட்டும்.

மாட்டிய பிறகு ஓட்டிப் பார்க்கும் சோதனை. இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் பைப்பில் சிறு குழாய் எடுத்து இரண்டு பிரஷர் மீட்டர் வையுங்கள். சுமையோடு மேடு ஏறும்போது இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐக்குள் இருந்தால் நல்ல கோர். 3 பிஎஸ்ஐ தாண்டினால் எங்கோ நெரிகிறது. வேஸ்ட்கேட்டுக்கு (பூஸ்ட் அளவு மீறாமல் திறந்துவிடும் வால்வு) போகும் சின்ன ஹோஸ் டர்போ வாயிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தால் இந்த இழப்பு அப்படியே எஞ்சினுக்கு வரும் பூஸ்டில் குறையும். வெப்பத்துக்கு அதே இடங்களில் இரண்டு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி). கணக்கு இப்படி: உள்ளே 118 டிகிரி, வெளியே 64, சுற்றுக்காற்று 36 என்றால், குறைந்தது 54, குறைய முடிந்த உச்சம் 82, 54-ஐ 82-ஆல் வகுத்தால் 66 சதவீதம், அதுதான் இன்டர்கூலரின் திறன். 60-க்கு மேல் வந்தால் இந்த வண்டிக்குப் போதும். லேசர் வெப்பமானியை வெறும் அலுமினியத்தில் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். பளபளக்கும் உலோகத்தின் குணம் அது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் காட்டுங்கள்.

இதற்கு ஏற்ற மேடு கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி போகும் மேலுமலை ஏற்றம். விடியற்காலையில், மீட்டரைப் பார்க்க இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். தொப்பூர் கணவாய்க்குப் போக வேண்டாம். அங்கே ஏறுமுகம் சேலத்திலிருந்து வரும்போதுதான். நீங்கள் தர்மபுரிப் பக்கமிருந்து போகும்போது இறக்கம், பிரேக் போன லாரிகள் இறங்கும் இடம் அது.

திறன் குறைவாக வந்தால் கோரைக் குறை சொல்லும் முன் காற்று அதன் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். பம்பர் திறப்புக்கும் கோருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். ஃபோம் பட்டை வைத்து ஓரங்களை அடையுங்கள். கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் இடையே 10, 15 மி.மீ. விடுங்கள். நசுங்கிய கீழ் ஃபின்களை மெல்லிய சீப்பாலோ தட்டையான பிளாஸ்டிக் பட்டையாலோ ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் வரிசையில் துளை விழும். நம் பக்கத்தில் கிரானைட் லாரிகள் ஓடும் சாலைத் தூசியும் மாம்பழ சீசன் பூச்சிகளும் சேர்ந்து ஃபின்னில் அடை போலப் படியும். ஹோஸிலிருந்து கசியும் எண்ணெய் அதன்மேல் பட்டால் சிமென்ட் மாதிரி இறுகும். வருடத்துக்கு இரண்டு முறை கழுவினால் போதும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பொதுச் சரக்குதான், அளவு பொருத்தம்தான், தொட்டிச் சோதனையில் தேறினால் வைத்துக்கொள்ளுங்கள். தேறாவிட்டால் அதே 550 கோரில் 57 மி.மீ. வாய் வைத்தது வாங்குங்கள், ஹோஸும் பைப்பும் அதற்கேற்ப மாறும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இப்படி ஒரு பொருள் பொருத்தப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட நகலை வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். பம்பரைத் திரும்ப மாட்டும் முன், கோர் அளவு, வாய் அளவு, தொட்டிச் சோதனை செய்த தேதி மூன்றையும் எல் பட்டையில் எழுத்துப் பஞ்ச்சால் அடித்துவிடுங்கள். கோர்மேல் அடிக்காதீர்கள், பட்டையில் மட்டும்.